சர்ப்ளஸ் ஆட்கள்

வெள்ளவத்தையில் யாராவது வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறீர்களா? கேக்கைப் பாராட்டியிருப்பீர்கள். பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டி நான் செய்தது! பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைப் பாலம் வரை எந்தப் பேக்கரிக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் என் அடையாளம் இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யாரும் என்னைக் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தினாள். சொற்களில் கைவைக்க விடவில்லை.

கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் என்னோடு ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவர்களே, இது உங்களுக்குத்தான். இப்போது நீங்கள் கனடாவில் இருக்கலாம், மெல்பேர்னில் இருக்கலாம், எனக்கு மூன்று தெரு தள்ளி மாடி வீட்டில் முழங்கால் வலியோடு இருக்கலாம். நத்தார் என்று நாம் சொல்லும் அந்தக் கிறிஸ்மஸுக்கு முந்திய பதினான்கு நாளை, அந்த இரண்டு கிழமையை, மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அதில் நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தோட்டம் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூ, மரம் என்று நினைப்பார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை வீடு, நடுவே சீமெந்து ஓடை, ஒரு பைப். அவ்வளவுதான் தோட்டம். அதற்குப் பின்மதிலுக்கு அப்பால் டொபித் தொழிற்சாலை. காலையில் சீனி காய்ச்சும்போது எங்கள் தலைமயிர்வரை இனிக்கும். பெப்பர்மின்ற் காய்ச்சும் நாளில் கண் கரிக்கும். மழை பெய்தால் மதிலில் வழியும் தண்ணீரை நக்கிப் பார்த்தவர்கள் நாங்கள். பொய் சொல்லாதீர்கள், நீங்களும்தான்.

தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலையில் டொபி சுற்றுபவர்கள். நீள மேசையின் இரு பக்கமும் வாங்கில் உட்கார்ந்து, டொபியைத் தாளில் வைத்து, இரு பக்கத்துக் காதையும் ஒரே நேரத்தில் முறுக்க வேண்டும். டிக், டிக். அம்மா முறுக்கினால் கை தெரியாது. பூசையில் செபமாலை உருட்டும்போதுகூட அம்மாவின் விரல்கள் ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை முறுக்கும். அப்பா கப்பலில் போனவர். கடிதம் வருவது நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆக, அம்மாவின் அந்த இரண்டு கைகள் முறுக்கினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

பக்கத்து வீட்டில் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அவரும் அதே மேசைதான். பெரியப்பா துறைமுகத்தில் காலை நசுக்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். நான்கு பிள்ளைகள். நடுச்சுவர் ஒரு செங்கல் தடிப்பு. பெரியம்மா தும்மினால் எங்கள் அரிக்கன் லாம்பு ஆடும். குரல் அப்படி! அவர் ஒரு முட்டை வாங்கினாலும் அது தோட்டத்துக்கே தெரியும். அம்மாவும் பெரியம்மாவும் சண்டை பிடிக்காத நாள் பெரிய வெள்ளி மட்டும்தான், அன்றைக்கு இருவரும் ஒருசந்தி நோன்பு என்றபடியால் சத்தம் போடப் பலம் இருக்காது. சண்டை எப்போதும் ஒரே சண்டைதான். யாருடைய கை வேகம்?

என் வேலையைச் சொல்லவில்லையே. நான் கடலைப் பை ஒட்டுவேன். தொழிற்சாலை வாசலில் வண்டில் வைத்திருந்த கடலை நானா, தொழிற்சாலை ஒபிஸ் கழித்துப்போடும் தாள்களைக் காவலாளியிடம் கேட்டு எடுத்துக்கொள்வார். அதைக் கட்டாக எங்கள் வீட்டில் கொண்டுவந்து போடுவார். கோதுமை மாப் பசை காய்ச்சி, மடித்து, ஒட்டி, வெயிலில் காயவைத்து, அடுத்த நாள் பைகளாகக் கொடுக்க வேண்டும். பதினொரு வயதில் நான் மடித்த மடிப்பு ஒரு மயிரளவு பிசகாது. இன்றைக்கு என்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு அதே மடிப்பைத்தான் காட்டிக்கொடுக்கிறேன். ஒருத்திக்கும் அப்படி வராது.

அந்த மாதம் தொழிற்சாலையில் ஒரே பரபரப்பு. சீமையிலிருந்து புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரையை அனுப்பியிருந்தார்கள். தொழிற்சாலையை ‘புதிதாக ஒழுங்குபடுத்த’ வந்தவராம். துறைமுகத்திலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்று லொறியில் வந்து இறங்கியது. டொபி சுற்றும் இயந்திரம்! பிள்ளைகள் எல்லாரும் மதிலில் ஏறி நின்று கை தட்டினோம். இயந்திரத்தில் வேலை செய்யக் கொஞ்சப் பேரைத் தெரிவு செய்வார்கள், அவர்களுக்கு வெள்ளை மேலங்கியும் தொப்பியும் உண்டு என்று கதை பரவியது. யார், யார் என்று பைப்படியில் பந்தயமே நடந்தது.

அப்போதுதான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது.

உண்மையில் அதை நான் பையாக ஒட்டி முடித்துவிட்டேன். காயவைக்க வெளியே எடுத்துப்போகும்போதுதான் பையின் முதுகில் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருவரின் பெயரைக் கண்டேன். இங்கிலிஸ் எழுத்து, டைப் அடித்தது. நடுவில் பிழைவிட்டு எறிந்த தாள் போலிருந்தது. அடுத்த வரியில் இன்னொரு பெயர். மொத்தம் இருபத்திரண்டு பெயர்கள். எல்லாம் சுற்றும் பகுதிப் பெண்கள். தலைப்பில் ஒரே ஒரு சொல்தான் எனக்கு வாசிக்கத் தெரிந்தது. சர்ப்ளஸ்.

சர்ப்ளஸ்! அந்தச் சொல் எனக்குத் தெரியாதா? புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவில் பெரிய எழுத்தில் போர்ட் வைத்திருப்பார்களே. வெளிநாட்டுக்கு என்று தைத்து, கப்பலில் போகாமல் மிஞ்சிய சேட்டுகள். பொத்தான் கழலாது, சாயம் போகாது. சாமானியக் கடைச் சேட்டு வேறு, சர்ப்ளஸ் சேட்டு வேறு. நத்தாருக்கு ஒரு சர்ப்ளஸ் சேட்டு வாங்கினவன் சாமானியமாக அதை உடலை விட்டுக் கழற்றமாட்டான். அப்படியென்றால் சர்ப்ளஸ் பெண்கள்? முதல்தரம்! சீமைத் தரம்! இயந்திரத்துக்குத் தெரிவானவர்கள்!

நான் சீமெந்து ஓடையில் பாய்ந்து ஓடினேன். “லிஸ்ற் வந்திட்டுது! லிஸ்ற் வந்திட்டுது!”

பைப்படியில் வாளிகள் உருண்டன. கவிழ்த்துவைத்த தண்ணீர்ப் பெரலின் மேல் என்னை ஏற்றிவிட்டார்கள். நான் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூச்சல். எட்டாவது பெயர் பெரியம்மாவுடையது.

“என்ன? திருப்பி வாசி!” என்றார் பெரியம்மா.

வாசித்தேன்.

“சத்தமா வாசியடி, அங்க மூலை வீட்டுக்குக் கேக்கேல்ல!”

இருபத்திரண்டும் முடிந்தது. அம்மாவின் பெயர் இல்லை.

கடலை நானா விஷயம் கேள்விப்பட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். “மகள், தாய்மாரே, ஒங்கள எல்லாம் கும்புடுறன். இந்தத் தாள் வெளிய வந்தது ஒபிஸ்ல தெரிஞ்சா என்ட வண்டில்ல கடல சுத்த ஒரு துண்டு தாளும் கெடைக்காது. வாயத் தொறக்காதீங்க, அல்லாவுக்காக!” எல்லாரும் சத்தியம் பண்ணினார்கள். அந்தச் சத்தியம்தான் எங்களைக் கெடுத்தது. ஒபிஸில் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. தொழிற்சாலைக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கண்ணடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, இரண்டு மடங்கு வேகமாக முறுக்கினார்கள்.

அந்தக் கிழமை இருக்கிறதே! எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு கிழமை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு சொல். நல்ல மீன் வந்தால் சர்ப்ளஸ் மீன். சிவத்த பிள்ளை பிறந்தால் சர்ப்ளஸ் பிள்ளை. மூலை வீட்டு ஆச்சி தன் பேத்திக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, ஆனா சர்ப்ளஸ் இல்ல” என்று அனுப்பிவிட்டார். நாங்கள் கிளித்தட்டு விளையாடும்போது வென்ற பக்கம் சர்ப்ளஸ், தோற்ற பக்கம் உள்ளூர்.

பெரியம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெள்ளை மேலங்கிக்குள் போடவென்று புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். பைப்பில் வரிசையைத் தாண்டி முன்னுக்கு வந்து வாளியை வைத்தார்.

“என்ன அக்கா, வரிசை தெரியாதா?” என்றார் அம்மா.

“தெரியும் தங்கச்சி. சர்ப்ளஸ் ஆக்கள் முதல்ல. பிறகு மற்றாக்கள்.”

“ஓகோ. உன்ர கையில முறுக்கின டொபி கடைக்குப் போகமுந்தியே அவிழுதெண்டு சனம் சொல்லுது.”

“சொல்லட்டும். துரை அப்பிடிச் சொல்லேல்லயே!”

சிரிப்பு. அம்மா நிறையாத வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிரவு அம்மா சோற்றைத் தொடவில்லை. கடலைப் பையை எடுத்து, பசை ஒட்டின இடத்தில் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தடவினார். “வடிவாப் பாரு. மடிப்புக்குள்ள ஒட்டுப்பட்டிருக்கும்” என்றார். பை மெல்லப் பிரிந்தது. மடிப்புக்குள் ஒன்றுமில்லை, என் பசைதான் இருந்தது. “உனக்கு வாசிக்கத் தெரியேல்லயோ?” என்று என் தலையில் ஒரு குட்டு. பிறகு, “பன்னிரண்டு வருசம். ஒரு டொபி அவிழ்ந்ததெண்டு ஒருத்தன் சொன்னதில்ல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்கு அப்பால் பெரியம்மா பாடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை அம்மா என்னை எழுப்பி, முதல் நற்கருணைக்குத் தைத்த என் புதுநன்மை வெள்ளைச் சட்டையைப் போடச் சொன்னார். கையெல்லாம் பிடித்தது, முதுகுப் பொத்தான் பூட்டவில்லை. “முதுகைக் காட்டாம நில்லு. துரையோட கதைக்கப் போறம். நீ இங்கிலிஸில சொல்லவேணும்.”

எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல உடம்பெல்லாம் கொதித்தது. பயத்தில் இல்லை! துரையோடு நான் கதைக்கப் போகிறேன்! தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை?

துரையின் அறையில் காற்றாடி சுற்றியது. ஒரு மூலையில் டைப்பிஸ்ட் மிஸ் இருந்தார். கொட்டாஞ்சேனைக்காரி, நன்றாகத் தமிழ் பேசுபவர். துரைக்கு வெயிலில் சிவந்த முகம், மூக்கில் தோல் உரிந்திருந்தது. அவர் முன்னால் ஒரு தாள், ஒரு சிவப்புப் பேனை.

அம்மா தொடங்கினார். “துரையிட்டச் சொல்லு, லிஸ்றில பெரிய பிழை நடந்திருக்கு. என்ர கைதான் இங்க முதல் கை. அக்காவுக்கு நாலு பிள்ளையள், புத்தி முழுக்க வீட்டில. அவளின்ர புருசனுக்குக் காலும் ஏலாது, அவள் அடிக்கடி லீவு போடுறவள், வேலையில மனம் இல்லாதவள், மிசினுக்கு அவள் சரிவரமாட்டாள். அவளின்ர பேரை வெட்டிப்போட்டு என்ர பேரைப் போடச் சொல்லு. சர்ப்ளஸில நான் இருக்கவேணும்!”

இத்தனைக்கும் என்னிடம் இங்கிலிஸ் ஏது? இருந்ததை எடுத்து அடுக்கினேன். இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“சேர். லிஸ்ற், ஆன்ரி. ஆன்ரி ஃபோர் சில்ட்ரன். அங்கிள் லெக் பாட். ப்ளீஸ் கட் ஆன்ரி. புட் மை மதர். மை மதர் சர்ப்ளஸ்.”

வேலையில் மனம் இல்லாதவள் என்பதற்கு இங்கிலிஸ் தெரியவில்லை. அதை விட்டுவிட்டேன்.

துரை பேனையை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவையே பார்த்தார். ‘உன் தாயாருக்கு இது விளங்குகிறதா’ என்பது போல ஏதோ கேட்டார்.

“யெஸ் சேர்! மதர் வெரி அண்டஸ்டாண்ட்!”

மூலையில் டைப்பிஸ்ட் மிஸ் இருமினார். திரும்பவும் இருமினார். நான் அவரைப் பார்க்கவேயில்லை. அவ்வளவு பெருமையில் நின்றேன். துரை கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, அம்மாவுக்குக் கை கொடுத்தார். டொபி முறுக்கிக் காய்த்த கைக்கு! பிறகு போய் உட்கார்ந்து, சிவப்புப் பேனையால் ஒரு பெயரை நீட்டுக்கு வெட்டி, பக்கத்தில் ஒரு பெயரை எழுதினார்.

அம்மா வெளியே வரும்போது கால் நிலத்தில் படவில்லை. “கண்டியா? கை கொடுத்தவர்! அக்காவுக்குக் கொடுத்தவரா?”

நடைபாதையில் டைப்பிஸ்ட் மிஸ் செருப்புச் சத்தம் கேட்க ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். “என்ன வேலை அக்கா செய்திட்டு வாறீங்க? அறிஞ்சுதான் செய்தீங்களா?”

“ஏன், நான் மட்டும் சர்ப்ளஸ் ஆகக்கூடாதோ?”

“ஐயோ! சர்ப்ளஸ் எண்டா வேலையால நிப்பாட்டுற ஆக்கள். தேவைக்கு மேல இருக்கிற ஆக்கள். மிசின் வந்தாப் பிறகு வேண்டாத ஆக்கள்!”

அம்மா சிரித்தார். “சும்மா இருங்க மிஸ். சர்ப்ளஸ் சேட்டு நல்ல சேட்டுத்தானே?”

“என்ன சேட்டு?”

“புறக்கோட்டையில.”

டைப்பிஸ்ட் மிஸ்ஸுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவர் குரல் இறங்கிவிட்டது. “நல்ல சேட்டுத்தான் அக்கா. ஆனா அவங்களுக்கு வேண்டாம் எண்டதாலதானே அது இங்க கிடக்குது.”

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. மருமகளிடம் கேட்டேன், அவளிடமும் இல்லை.

“இப்பவே திரும்பிப் போங்க” என்று டைப்பிஸ்ட் மிஸ் அவசரப்படுத்தினார். “நான் வந்து சொல்லுறன், பிள்ளை பிழையாச் சொல்லிட்டுது எண்டு. பேனை மை இன்னும் காயேல்ல. தாள் என்ர கூடையால வெளிய போனதெண்டு தெரிஞ்சா எனக்கும் ஏச்சு விழும், பரவாயில்ல, வாங்க!”

அம்மா இரண்டு அடி வைத்தார். கதவுவரை போய்விட்டார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் சுற்றும் அறையின் கண்ணாடி தெரியும். உள்ளே பெரியம்மா, வாயெல்லாம் பல்லாக ஏதோ சொல்ல, மேசையே சிரித்துக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக்.

அம்மாவின் கை கதவுப் பிடியில் இருந்தது. நான் ‘திறங்கள் அம்மா, திறங்கள்’ என்று மனதுக்குள் கத்தினேன். எனக்குச் சோறு வேண்டும். அப்பாவின் கடிதம் வருவது நின்றது எனக்கும் தெரியும்.

“மகாராணி மாதிரி இருக்கப் போறாளே எண்டு நினைச்சு வெட்டச் சொன்னன் மிஸ்” என்றார் அம்மா. “இப்ப, நாலு பிள்ளையளோட ரோட்டில நில்லெண்டு போய்ச் சொல்லுறதே?”

“அப்ப உங்கட பாடு?”

அம்மா கையை எடுத்துவிட்டார். “ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. நாளைக்கு ஞாயிறு. ஒரு நாளாவது சனங்கள் சந்தோசமாக் கிடக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். அழப்போகிறார் என்று நான் துவாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்! “மதர் வெரி அண்டஸ்டாண்ட்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் நிலத்தில் விழுந்து புரண்டோம். பக்கத்து வீட்டிலிருந்து பெரியப்பா சுவரில் தட்டி, “என்ன அங்க, கலியாணமே?” என்று கேட்டார். பிறகு அம்மா முகத்தைக் கழுவிவிட்டு என் காதைத் திருகினார். “இது வெளிய போனா உன்ர தோலை உரிப்பன்.”

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருபத்திரண்டு பெண்களும் சேர்ந்து நன்றிப் பூசை கேட்டிருந்தார்கள். ஆளுக்கொரு மெழுகுதிரியோடு முன்வரிசையில் நின்றார்கள். சுவாமியார் பீடத்திலிருந்து, “டொபித் தொழிற்சாலையில் தெரிவான நம் சகோதரிகளுக்காக” என்று அறிவித்தார். பெரியம்மா திரும்பி எங்களைப் பார்த்துத் தலையை ஒரு வெட்டு வெட்டினார். அம்மா பாட்டுப் பாடினார். அம்மாவின் குரல் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

திங்கட்கிழமை வாசல் பலகையில் மூன்று மொழியிலும் பட்டியல் ஒட்டினார்கள். தமிழில் ‘மேலதிக ஊழியர்’ என்று இருந்தது. கீழே, இந்த மாத முடிவோடு வேலை முடிகிறது என்று இருந்தது. விரலை வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பிறகு தொழிற்சாலைச் சங்கைவிடப் பெரிய சத்தம். சிலர் அங்கேயே இருந்துவிட்டார்கள். இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். “எங்க அந்த வாசிக்கத் தெரிஞ்ச சனியன்?” என்று ஒருவர் விளக்குமாற்றைத் தூக்கினார். நான் பெரலுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா முன்னால் வந்து நின்றார்.

அந்த நேரம் பெரியம்மா சீமெந்து ஓடையில் ஓடிவந்தார். தலை அவிழ்ந்து கிடந்தது. “என்ர பேர் இல்ல! என்ர பேரை வெட்டியிருக்கு! எட்டாவது இடத்தில என்ர தங்கச்சியின்ர பேர்!” அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். தோட்டம் முழுக்க நின்றது. “கேட்டுக்கொள்ளுங்க எல்லாரும்! என்ர தங்கச்சி துரையிட்டப் போய், அக்காவுக்கு நாலு பிள்ளையள், அக்காவை விடுங்க, என்னை எடுங்க எண்டு சொல்லியிருக்கிறாள்! துரையே ஒபிஸில சொன்னவராம், இப்பிடி ஒரு மனுசியைத் தான் கண்டதில்லையாம்!”

விளக்குமாறு இறங்கியது. அப்படிப்பட்ட மனுஷியின் பிள்ளையை அடிக்க யாருக்குக் கை வரும்?

அன்றிலிருந்து அம்மா தோட்டத்தில் அரை மாதா. பைப்பில் அம்மாவுக்கு வரிசை இல்லை. கடலை நானா குற்றம் தாங்காமல் தனக்குத் தெரிந்த வண்டில்காரர் எல்லாரையும் எங்களிடம் அனுப்பினார். அம்மாவும் நானும் பை ஒட்டினோம். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பை பெட்டியானது, பெட்டி கடையானது, கடை வெள்ளவத்தைக்கு வந்தது. கடை வளர்ந்த இந்தக் கதையை உங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். பெரியம்மா அந்த இயந்திரத்தடியில் தொழிற்சாலை மூடும்வரை வேலை செய்தார். போகும் வரும் இடமெல்லாம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அந்நியரிடம்கூட, தங்கச்சி செய்த தியாகத்தைச் சொன்னார். அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். நான் உள்ளுக்குள் சிரிப்பேன். பாவம், பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரியாது!

சென்ற மாதம் அம்மாவின் ஆண்டு நினைவு. என் வீட்டில் சாப்பாடு. பெரியம்மாவைப் பேரன் தூக்காத குறையாக மாடிக்குக் கொண்டுவந்தான். தொண்ணூறை நெருங்கிவிட்டார், குரல் மட்டும் அப்படியே. வழக்கம்போலப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தியாகக் கதையைச் சொன்னார். எல்லாரும் கை கழுவப் போனபிறகு எனக்கு நாக்கு நமைத்தது. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எத்தனை காலம்தான் வைத்திருப்பது? பக்கத்தில் இருந்து, குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமை, வெள்ளைச் சட்டை, என் இங்கிலிஸ், எல்லாம்.

பெரியம்மா வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா?” என்றார். “டைப்பிஸ்ட் மிஸ் அந்தத் திங்கக்கிழமையே எனக்குச் சொல்லிட்டா. ஒண்டும் விடாமச் சொன்னவ.”

“தெரிஞ்சுகொண்டா... தெரிஞ்சுகொண்டா தோட்டம் முழுக்க அப்பிடிக் கத்தினீங்க?”

“பின்ன? வேலையும் போய், ஊரும் சிரிச்சா அவள் என்னெண்டு பைப்படிக்கு வாறது?”

“அவ உங்களை வெட்டச் சொன்னவ, பெரியம்மா.”

“சொல்லாம? நான் அந்தக் கிழமை ஆடின ஆட்டத்துக்கு நானெண்டாலும் வெட்டத்தான் சொல்லியிருப்பன்.” என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். முன்னைய பலம் இல்லை. “ஆனா கதவில கையை வச்சிட்டுத் திறக்காம வந்திட்டாளே. அதைத்தானடி இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்.”